காட்டெருமையை அழித்த நாடு பூங்காவையும் திறந்தது எப்படி?

பீடோங் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பீடோங் ஊர் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் அரை மணி நேரம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அமெரிக்கர்கள் தங்கள் மண்ணையும் காட்டையும் ஆற்றையும் எந்தக் கண்ணால் பார்த்தார்கள், அப்படிப் பார்த்ததால் அவற்றை என்ன செய்தார்கள் என்பதே தலைப்பு. இதை நானே கேட்டு வாங்கினேன். காரணம் சற்றுச் சிறுபிள்ளைத்தனமானது. எங்கள் பக்கத்தில் ஹார்வார்ட் என்றொரு தோட்டம் உண்டு. கெடாவில் இருக்கும் ஒரு பால்மரக் காட்டுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் எப்படி வந்தது என்று சிறு வயதில் பாட்டியிடம் கேட்டேன். "அது அமெரிக்காக்காரத் துரை தோட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அமெரிக்க ரப்பர் நிறுவனமொன்று மலாயாவிலும் சுமத்ராவிலும் தோட்டங்கள் வைத்திருந்தது என்பதை வெகுகாலம் கழித்தே படித்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது உரைக்காகப் படிக்கையில் ஓரிடத்தில் தடுக்கி நிற்கிறேன். 1872 மார்ச் 1 அன்று அதிபர் கிராண்ட் கையொப்பமிட்ட சட்டம் யெல்லோஸ்டோன் வட்டாரத்தைத் தேசியப் பூங்காவாக்கியது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதே ஆண்டுகளில், சமவெளிகளில் தோல் வேட்டைக்காரர்கள் காட்டெருமைகளைச் சுட்டுத் தோலை உரித்துக்கொண்டு, உடலை வெயிலில் அழுகவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தத் தோல் கிழக்கே இருந்த ஆலைகளில் இயந்திரங்களைச் சுழற்றும் பட்டைகளானதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 மில்லியன் என்று மதிப்பிடப்படும் அந்தக் கூட்டம், 1880களின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே சுருங்கிவிட்டது.

ஒரே நாடு ஒரே காலத்தில் இவை இரண்டையும் செய்தது என்பதை அவையினருக்கு எப்படி விளக்குவது? ஒரு சாரார் கெட்டவர்கள், மறு சாரார் நல்லவர்கள் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதோடு, இந்தக் கதையில் மண்ணில் வேலை செய்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் என் முன்னால் உட்கார்ந்து கேட்கப்போகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள்.

பழைய கிராணி:

வணக்கம் அம்மா. முப்பத்திரண்டு ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் வரைபடத்தோடும் ஏக்கர் கணக்கோடும் காலம் தள்ளியவன் என்பதால், நான் வரைபடத்திலிருந்தே தொடங்குகிறேன். எருமைக்கும் பூங்காவுக்கும் அதன் பிறகு வரலாம்.

விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளுக்குள், 1785இல், அமெரிக்கப் பேராயம் (காங்கிரஸ்) மேற்கே இருந்த நிலத்தை அளப்பதற்கு ஒரு சட்டம் செய்தது. அதன்படி நிலம் பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 36 துண்டுகளாகவும், ஒவ்வொரு துண்டும் 640 ஏக்கராகவும் வகுக்கப்பட்டன. ஆறு எங்கே வளைகிறது, மேடு எங்கே எழுகிறது, எந்த மண் நீரைப் பிடிக்கும் என்பதையெல்லாம் கோடு கேட்கவில்லை. மேலும் முக்கியமாக, அங்கே ஏற்கெனவே யார் சோளம் விதைக்கிறார்கள், யார் ஆண்டுதோறும் புல்லுக்குத் தீ வைத்து மான்களை வரவழைக்கிறார்கள் என்பதையும் அது கேட்கவில்லை. இன்றும் அந்நாட்டின் நடுப்பகுதிக்கு மேல் விமானத்தில் பறப்பவர்கள் கீழே கட்டம் போட்ட துணியைப் போன்ற நிலத்தைப் பார்க்கலாம். நம் தோட்டங்களிலும் இப்படித்தானே? இருபத்தேழாம் நம்பர் காடு, நட்ட ஆண்டு இது, மரம் இத்தனை என்று கணக்கு இருக்கும். எங்கள் தோட்ட வரைபடத்தில் வாய்க்கால் உட்பட எல்லாம் இருந்தன. லயத்து மாரியம்மன் கோயில் மட்டும் எந்தப் பதிப்பிலும் ஏறவில்லை.

கட்டம் போட்ட பிறகு பங்கீடு வந்தது. 1862ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் தங்கி நிலத்தைத் திருத்திப் பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் சொந்தமானது. இந்தச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 270 மில்லியன் ஏக்கர், அதாவது நாட்டின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, தனியார் கைக்குப் போயிற்று. திருத்துதல் என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். மரத்தை வெட்டி, உழுது, வேலி போட்டால்தான் அது திருத்தம். பூர்வகுடிகள் செய்துவந்த வேட்டையும் தீ மேலாண்மையும் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் உழைப்பாகப் படவில்லை. மழை குறைந்த மேற்கில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது, நீர் இருக்கும் இடத்தைப் பார்த்தே நிலத்தைப் பிரிக்க வேண்டும் என்று ஜான் வெஸ்லி பவல் என்ற ஆய்வாளர் 1878இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதை மதித்தவர்கள் குறைவு. ஏர் போன இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று அக்காலத்தில் பலர் மனதார நம்பினார்கள். நம்பிக்கையை விற்றவர்களும் இருந்தார்கள்.

இனி உங்கள் தடுக்கலுக்கு வருகிறேன். சமவெளியில் எருமை அழிந்தால் அதை நம்பி வாழ்ந்த மக்கள் அரசு குறித்துக் கொடுத்த ஒதுக்கிடங்களுக்குப் போய்த்தான் தீர வேண்டும் என்பது படை அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும். அழிவைத் தடுக்க அவர்கள் அவசரப்படவில்லை. அப்படிக் காலியான இடம் கோதுமைக்கும் மாட்டுக்கும் போயிற்று. யெல்லோஸ்டோனிலும் மக்கள் இருந்தார்கள். காட்டுச் செம்மறியை வேட்டையாடி வாழ்ந்த டுகுடிக்கா என்னும் ஷோஷோனி மக்கள் அந்த மலைகளில் குடியிருந்தவர்கள். 1871இல் ஹேடன் தலைமையில் போன ஆய்வுக் குழுவோடு தாமஸ் மோரன் என்ற ஓவியரும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த படங்கள் பேராயத்தை மயக்கின. வடபசிபிக் ரயில் நிறுவனமும் பூங்காவை ஆதரித்தது, பயணிகள் வந்தால் அதற்கு வருமானம். எந்த மனிதனும் கால் வைக்காத அதிசய பூமி என்ற விளம்பரத்துக்கு டுகுடிக்கா மக்கள் இடைஞ்சலாக இருந்தார்கள்; சில ஆண்டுகளுக்குள் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1886 முதல் 1918 வரை அந்தப் பூங்காவைக் காவல் காத்தது குதிரைப்படை என்பதை உரையில் ஒரு வரியாவது சொல்லுங்கள், அவையில் இருப்பவர்களுக்குப் படம் மனத்தில் பதியும்.

ஆகவே, எருமையைச் சுட்டவரும் பூங்கா கேட்டவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம், ஆனால் இருவருக்கும் ஆளில்லாத நிலம் தேவைப்பட்டது. ஒருவர் அதில் கோதுமை போட விரும்பினார், மற்றவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்பினார். 1902இல் யெல்லோஸ்டோனுக்குள் இரண்டு டஜன் அளவுக்குத்தான் எருமைகள் மிஞ்சியிருந்தன.

ஜெராய் அடிவாரம்:

கிராணி ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. அவர் அதை முடித்த இடத்தில்தான் மாறுபாடு. நான் வார இறுதிகளில் குனோங் ஜெராய் மலைக்கு ஆட்களை அழைத்துப் போகிறவன். பூங்காக்களைப் பற்றி யாராவது இப்படிப் பேசினால் கொஞ்சம் உறுத்தும்.

அமெரிக்கர்கள் என்று ஒரே கூட்டமாகச் சொல்ல முடியாது. தங்களுக்குள் அவர்கள் போட்டுக்கொண்ட சண்டையில்தான் இந்தத் தலைப்பின் சுவை இருக்கிறது. சியரா மலைகளில் ஆட்டு மந்தை மேய்த்து, மர அறுவை ஆலையில் வேலை செய்து, பிறகு அந்த மலைகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஜான் மியூர் ஒரு பக்கம். 1905இல் வனத்துறையின் முதல் தலைவரான கிஃபர்ட் பிஞ்சோ மறுபக்கம். காட்டை அறிவோடு வெட்டி, மறுபடி வளர்த்து, நீண்ட காலத்துக்கு மிக அதிகமான மக்களுக்குப் பயன்பட வைக்க வேண்டும் என்பது பிஞ்சோவின் கொள்கை. இருவரும் முதலில் நண்பர்கள். யோசெமிட்டி பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கில் அணை கட்டி சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிநீர் கொண்டுபோகலாமா என்ற கேள்வி அவர்களைப் பிரித்தது. 1906 நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் நகரம் எரிந்திருந்ததால் தண்ணீர்க் கோரிக்கைக்கு வலு கூடியது. 1913இல் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு மியூர் இறந்தார். 1923இல் அணை எழுந்தது. அந்தத் தோல்வியின் கசப்பு வீணாகவில்லை, 1916இல் தேசியப் பூங்காக்களுக்கென்று தனித் துறை அமைந்ததில் அதற்கும் பங்குண்டு. இந்த இருவரில் யார் சரி என்று கேட்டால், பெடு அணைத் தண்ணீரில் விளைந்த அரிசியைத் தின்று வளர்ந்த கெடாக்காரனாகிய எனக்குப் பதில் சொல்வது எளிதல்ல.

தீயைப் பற்றியும் பேசுங்கள். கலிபோர்னியாவின் பூர்வகுடிகள் புதரையும் உலர்ந்த சருகையும் அவ்வப்போது மெல்லிய தீயால் எரித்துவந்தார்கள். 1910இல் வடமேற்கில் ஏறத்தாழ 3 மில்லியன் ஏக்கர் காடு சில நாள்களில் எரிந்துபோனதும் வனத்துறை தீயைப் பகையாகவே பார்க்கத் தொடங்கியது. 1935 முதல், எங்கே தீ தெரிந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்பது விதி. 1944இல் தொப்பி போட்ட கரடிப் படம் சுவரொட்டியில் ஏறி, தீ என்றாலே குற்றம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. விளைவு என்ன? எரியாமல் சேர்ந்த சருகும் புதரும் பெருந்தீக்கு விறகாயின. சூடு பட்டால் கூம்பு விரிந்து விதை உதிர்க்கும் ராட்சத செக்கோயா மரங்களின் கீழே புதுக் கன்றுகள் அரிதாயின. காப்பாற்றுவதாக நினைத்தே கெடுத்த கதை இது. ஆனால் தவற்றை அவர்களே கண்டுபிடித்து 1960களின் இறுதியில் பூங்காக்களில் கொள்கையை மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓநாயும் அப்படித்தான். 1926க்குள் யெல்லோஸ்டோனில் ஓநாய்க் கூட்டங்களைப் பூங்காக் காவலர்களே கொன்று தீர்த்தார்கள். கடமான்கள் பெருகி ஆற்றோரத்து இளங்கன்றுகளை மேய்ந்து தள்ளின. இளம் வன அதிகாரியாக அரிசோனாவில் ஓநாயைச் சுட்ட ஆல்டோ லியோபோல்ட், பிற்காலத்தில் அதற்காக வருந்தி, மண்ணும் நீரும் விலங்கும் செடியும் மனிதனும் ஒரே சமூகத்தின் உறுப்பினர் என்று எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1949இல்தான் அந்த எழுத்து நூலாக வெளிவந்தது. 1995இல் கனடாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்து மறுபடி விட்டார்கள்.

பூங்கா என்றால் ஆளை விரட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நம் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு 1930களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரைச் சூட்டினார்கள், அது வெள்ளைக்காரன் வைத்த வேலிதான். ஆனாலும் பாத்தேக் என்னும் பூர்வகுடி மக்கள் இன்றும் அதற்குள் வாழ்கிறார்கள். அவர்கள் வாழ்க்கை சிரமமில்லாதது என்று நான் சொல்லவில்லை.

பீடோங் வாசகி:

இருவருக்கும் நன்றி. ஜெராய்த் தம்பி, உங்கள் உறுத்தலைக் குறித்துக்கொண்டேன். உரையில் இரண்டு பக்கமும் வரும். ஆனால் நான் கேட்டதில் ஒரு பாதி அப்படியே நிற்கிறது. இதுவரை வந்த கதைகளில் அளப்பவர், காவல்காரர், ஓவியர், வன அதிகாரி எல்லாரும் இருக்கிறார்கள். உழுதவரும் மருந்து அடித்தவரும் வரவில்லை. ரப்பரும் வரவில்லை.

முப்பது வருட கண்டக்டர்:

ரப்பர் என்ற பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நான் பால்மரத்தில் தொடங்கிச் செம்பனையில் வேலையை முடித்த கண்டக்டர், அதாவது தோட்ட மேற்பார்வையாளன்.

1920களில் உலகின் ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்காதான் வாங்கியது. கார் டயர்தான் காரணம். ஆனால் மரம் இருந்தது மலாயாவிலும் இலங்கையிலும் டச்சுக்காரர் தீவுகளிலும். விலை விழுந்ததால் 1922இல் ஆங்கிலேயர் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். அமெரிக்க டயர் முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. ஃபயர்ஸ்டோன் 1926இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் ஏக்கருக்கு 6 சென்ட் வாடகையில், 99 ஆண்டுகளுக்கு, ஒரு மில்லியன் ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளும் உரிமை வாங்கினார். ஹென்றி ஃபோர்டு 1927இல் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றங்கரையில் ஏறத்தாழ இரண்டரை மில்லியன் ஏக்கர் பெற்றார். ரப்பர் மரத்தின் தாய்நாடே அமேசான்தான், அங்கேயே நட்டால் என்ன என்பது அவர் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மரம் வளர்க்கத் தெரிந்தவர்களைக் கேட்காமல் கார் கட்டத் தெரிந்தவர்களை அனுப்பினார்கள். காட்டை வெட்டி எரித்து, மிச்சிகன் மாநிலத்து நகரம் போல வரிசை வீடுகள், புல்தரை, தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் எல்லாம் கட்டினார்கள். ஃபோர்டுலாந்தியா என்று பெயர். சாராயம் கூடாது; நேரத்துக்குச் சங்கு ஊதும்; வெயிலில் பிறந்து வளர்ந்த பிரேசில் தொழிலாளிகளுக்கு ஓட்ஸ் கஞ்சியும் டின்னில் அடைத்த பழமும் சாப்பாடு. 1930 டிசம்பரில் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்று தாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி போட்டதும் கலவரம் வெடித்து, இயந்திரங்கள் உடைந்தன, நிர்வாகிகள் படகேறி ஓடினார்கள். காலையில் பெயர் கூப்பிடும் நம் பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கோபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மரத்தின் பாடு அதைவிட மோசம். அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று எட்ட எட்டவே நிற்கும். அந்த இடைவெளி இயற்கை செய்த ஏற்பாடு, ஏனென்றால் தென்னமெரிக்க இலைக்கருகல் நோயைப் பரப்பும் பூசணம் அங்கேதான் பிறந்தது. நிரை பிடித்து நெருக்கி நட்டதும், ஒரு மரத்து இலையிலிருந்து அடுத்த மரத்து இலைக்கு அது கைகோத்துப் போயிற்று. 1934இல் பெல்தெராவுக்கு இடம் மாறி, தென்கிழக்காசியாவிலிருந்து நல்ல பால் தரும் ஒட்டுக் கன்றுகளைக்கூட வரவழைத்தார்கள். நோய் அங்கேயும் வந்தது. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் சொற்ப விலைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஃபோர்டு ஒருமுறைகூட அங்கே காலடி வைத்ததில்லை.

அப்படியானால் நம் பக்கம் அதே நெருக்கமான நிரையில் மரம் எப்படிப் பிழைத்தது? 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து கொண்டுபோன ஏறத்தாழ 70,000 விதைகளில் ஒரு பகுதி லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்து, அந்தக் கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தபோது பூசணம் கூட வரவில்லை. அதுதான் காரணம். துரைமார்கள் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டதில் பாதி அதிர்ஷ்டம். இன்றும் அந்த நோய் இங்கே வந்துவிடக் கூடாது என்றுதான் தென்னமெரிக்காவிலிருந்து வரும் செடி கொடிகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

மண்ணைப் பற்றியும் ஒன்று. முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியதும், ஓக்லஹோமா, கான்சாஸ், டெக்சாஸின் வடமுனை ஆகிய இடங்களில் டிராக்டர் போட்டு, ஆழ வேர் விட்ட புல்வெளியைப் பெயர்த்து எறிந்தார்கள். 1930களில் மழை பொய்த்தது. பிடிக்க வேர் இல்லாத மண் காற்றோடு எழுந்தது. 1934 மே மாதத்துப் புழுதி நியூயார்க்கையும் தாண்டிக் கடலில் போன கப்பல்களின் மேல்தளத்தில் விழுந்தது. 1935 ஏப்ரல் 14ஐ இன்றும் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள், பகல் இருண்டுபோன நாள். ஹக் பென்னட் என்ற மண் அறிஞர் வாஷிங்டனில் வாதாடிய சமயத்தில் புழுதிப் புயலே தலைநகருக்கு வந்து அவருக்குச் சாட்சி சொன்னதாம். அந்த ஏப்ரலிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. காற்றைத் தடுக்க 1942க்குள் 220 மில்லியன் மரங்கள் நட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மலாயாத் துரைமாரும் ஆரம்பத்தில் இதே தவற்றைத்தான் செய்தார்கள். பால்மரக் காட்டில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று பெண்களை வரிசையாக உட்கார வைத்துச் சுரண்டச் சொன்னார்கள். சரிவில் மேல்மண் எல்லாம் மழையில் ஓடிப்போயிற்று. பிறகுதான் மூடுபயிர்க் கொடி விடும் வழக்கம் வந்தது. புல் வெட்டிய பெண்களுக்கு, வெறும் மண் வழுக்கும் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். அவர்களை யார் கேட்டார்கள்?

செம்பனை நிழல்:

அண்ணன் எழுதிய கடைசி வரிக்காகவே உள்ளே வந்தேன், அக்கா. என் அம்மா பதினெட்டு ஆண்டுகள் மருந்துப் பம்பைத் தோளில் சுமந்தவர். கையுறை கொடுத்தார்கள், ஒன்றுக்கு இரண்டாக ஓட்டை விழுந்த பிறகும் மாற்றவில்லை. அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. இன்று நான் வேறோரிடத்தில் தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரப் பிரிவில் வேலை செய்கிறேன்.

1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய நூல் டிடிடி முதலான பூச்சிக்கொல்லிகள் மண்ணிலும் நீரிலும் சேர்ந்து, புழுவுக்குள்ளும் மீனுக்குள்ளும் போய், பறவையின் முட்டையையும் குஞ்சையும் கெடுப்பதை எல்லாருக்கும் புரியும் மொழியில் சொன்னது. இரசாயன நிறுவனங்கள் அவரைத் தாக்கின. புற்றுநோயோடு போராடிக்கொண்டே பதில் சொன்ன அவர் 1964இல் இறந்தார். 1969 ஜனவரியில் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்தது. ஜூன் மாதம் கிளீவ்லாந்து நகரில் கயஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெயும் குப்பையும் தீப்பிடித்தன. ஆறு எரிவது அதுவே முதல்முறை அல்ல, ஆனால் நாடு அதைக் கவனித்தது அப்போதுதான். 1970 ஏப்ரல் 22 அன்று முதல் பூமி நாளில் ஏறத்தாழ 20 மில்லியன் பேர் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆண்டே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அமைந்தது, 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது, டிடிடிக்குப் பயிர்களில் தடை வந்தது, 1973இல் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. நம் நாட்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974ஆம் ஆண்டினது. அதன்கீழ் முதலில் கட்டுப்பாடு போட்டவற்றுள் செம்பனை ஆலைக் கழிவும் ரப்பர் ஆலைக் கழிவும் உண்டு. ஆலைப் பக்கத்து ஆற்றின் நாற்றத்தில் வளர்ந்தவர்களுக்கு அது சிறிய செய்தியாகத் தெரியாது.

நீங்கள் தேடும் ஆட்கள் இந்த இடத்தில்தான் வருகிறார்கள். கலிபோர்னியாவின் டெலானோவில் 1965 செப்டம்பரில் முதலில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான பிலிப்பினோத் திராட்சைத் தொழிலாளர்கள். சில நாள்களில் சீசர் சாவெஸ் தலைமையில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். கூலி மட்டுமன்றி, கொடிகளின் மேல் அடிக்கும் மருந்தும் அவர்கள் கோரிக்கையில் இருந்தது. 1970இல் கையெழுத்தான ஒப்பந்தங்களில் டிடிடி போன்ற நச்சுகளுக்குத் தடை எழுதப்பட்டது. அதாவது அரசு தடை போடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கைகளால் பழம் பறித்தவர்கள் தடையை வாங்கிவிட்டார்கள். பருந்துக்காகவும் கழுகுக்காகவும் பேசிய புத்தகங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த ஒப்பந்தக் காகிதத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

1982இல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடத்துக்கு அருகே நச்சு எண்ணெய் கலந்த மண்ணைக் கொட்டுவதற்கு மாநில அரசு முடிவு செய்தது. லாரிகளின் முன்னால் மக்கள் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். குப்பையைத் தடுக்க அவர்களால் முடியவில்லை, ஆனால் கழிவு எப்போதும் யார் வீட்டுப் பக்கம் போகிறது என்ற கேள்வி அங்கிருந்துதான் நாடு முழுதும் போயிற்று. நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று நீங்களே அவையிடம் கேட்டுப் பாருங்கள். அம்மா அடித்த பாராகுவாட் களைக்கொல்லி மருந்துக்கு இங்கே முழுத் தடை வந்தது 2020இல். அம்மா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.

பழைய கிராணி:

நல்ல பதிவு, மகளே. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வாசகி அம்மாவுக்குச் சிறு குறிப்பு. யோசெமிட்டியைப் பற்றிப் பேசினால் ஆண்டுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கையும் அருகிலிருந்த பெருமரத் தோப்பையும் கலிபோர்னியா மாநிலத்திடம் பொதுமக்களுக்காக ஒப்படைத்தார். அதைச் சுற்றிய பகுதி தேசியப் பூங்காவானது 1890இல். அதனால்தான் முதல் பூங்கா எது என்று ஒரு வழக்கு இன்றும் ஓடுகிறது. உங்கள் அவையிலும் யாராவது கையைத் தூக்குவார்கள். அங்கேயும் 1851இலேயே ஒரு படை புகுந்து அவானீச்சி மக்களை விரட்டியிருந்தது.

பீடோங் வாசகி:

மிக்க நன்றி. வரிசை இப்போது மனத்தில் வந்துவிட்டது. கட்டம் போட்ட வரைபடத்தில் தொடங்கி, எருமை, பூங்கா, தீ வழியாகப் போய், ஃபோர்டுலாந்தியாவில் சற்று அதிக நேரம் நின்று, டெலானோவில் முடிக்கப்போகிறேன். அணைச் சண்டையை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவேன், ஜெராய்த் தம்பி மன்னிக்க வேண்டும்.

கிராணி ஐயா, நீங்கள் சொன்ன தோட்ட வரைபடம் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? அன்று சுவரில் மாட்டி வைக்க ஒரு நகல் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

பழைய கிராணி:

இருக்கிறது. ஓரங்களைக் கரையான் தின்றுவிட்டது, எண்கள் மட்டும் தெளிவாகத் தெரியும். வேலையை விட்டு வந்த அன்று, கோயில் இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். நகலில் அது விழுமா என்று தெரியவில்லை, மையால் ஒருமுறை தடவித் தருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.